பொட்டு வைத்த குஞ்சு

கார்த்திகை மழை ஒன்பதாவது நாளாக விடாமல் அடித்துக்கொண்டிருந்தபோதுதான் வேணி வீட்டுக் கோழிக்குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்தித் தின்ன ஆரம்பித்தன. தின்ன என்று சொல்வதை மிகை என்று நினைக்காதீர்கள். நான் எதிர்வீட்டுக்காரன், கண்ணால் பார்த்தவன். ஒரு குஞ்சின் மேல் துளி ரத்தம் தெரிந்தால் போதும், மற்ற முப்பதும் தீனி போட்டதுபோல ஓடிவரும். நான் முப்பது வருஷம் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தையே பார்த்தவன். அதில் இடிப்பார்கள், மிதிப்பார்கள், திட்டுவார்கள். ஆனால் இப்படி எல்லாரும் சேர்ந்து ஒருத்தனையே பிடித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

எங்கள் தெரு ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி, கொள்ளிடக்கரைக்கு முன்னால் இருக்கிறது. முன்பக்கம் வீடு, பின்பக்கம் வாழைத்தோப்பு. தோப்பில் இலை அறுத்துக் கட்டுக்கட்டி ஓட்டல்களுக்குக் கொடுப்பது வேணியின் வேலை. அவள் புருஷன் கலையரசன் வாழைத்தார் ஏற்றுகிற லோடு வண்டியில் போவான். அவன் அடுக்கிய தார் மண்டிக்குப் போய் இறங்குகிற வரைக்கும் ஒரு சீப்புகூட நசுங்காது என்று பேர் வாங்கியவன். கூட இருப்பது அவன் அம்மா ரெங்கம்மாள். மூன்றே பேர் உள்ள வீடு.

ஆவணி மாதம் கரைமேல் போன வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து, கலையரசன் தாரோடு தாராகக் கீழே கிடந்தான். இடுப்புக்குக் கீழே நல்ல அடி. தலையிலும் அடி. பெரியாஸ்பத்திரியில் ஆறு நாள் கண் திறக்கவில்லை. ஆறாவது நாள் வராந்தாவில் உட்கார்ந்திருந்த வேணி எழுந்து, லால்குடிப் பக்கம் இருக்கிற அவர்கள் குலதெய்வமான கருப்பு இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். "இவரை உசுரோட குடு. எங்க வீட்டுல அடுத்த அடையில பொறக்குற கருஞ்சேவல உனக்கே விடுறேன்" என்று நேர்ந்துகொண்டாள். அன்று சாயங்காலம் அவன் தண்ணீர் கேட்டான். நான் அப்போது அங்கேதான் டீ வாங்கிக்கொண்டு நின்றேன். அவள் அந்த டீயை வாங்கிக் குடிக்காமல் சுவரில் சாய்ந்து அப்படி ஓர் அழுகை அழுதாள்.

புரட்டாசியில் மூன்று கோழிகள் அடைகாத்து முப்பத்தொரு குஞ்சு பொரித்தன. அதில் ஒன்றே ஒன்றுதான் முழுக் கறுப்பு. ஒரு மாதத்தில் தலையில் கொண்டை துளிர்த்து, சேவல்தான் என்றும் தெரிந்துபோயிற்று. ரெங்கம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அது தெரிந்த வெள்ளிக்கிழமையிலிருந்து தினமும் காலையில் குளித்துவிட்டு, நேரே கோழிக்கொட்டகைக்குப் போய், அந்தக் குஞ்சைப் பிடித்து அதன் தலையில் குங்குமப் பொட்டு வைத்துவிட்டுத்தான் காபி குடிப்பாள். அதற்குச் சாமிக்குஞ்சு என்று பேரும் வைத்தாயிற்று.

சாமிக்குஞ்சை மாசி சிவராத்திரிக்குக் கோயிலில் ஒப்படைக்கிற வரைக்கும் கலையரசன் மறுபடி வண்டி ஏறக் கூடாது என்பது ரெங்கம்மாளின் உத்தரவு. டாக்டர் சொன்ன கெடுவும் மாசி வரைக்கும்தான், அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. கம்பு ஊன்றி நடக்கிற அளவுக்கு வந்துவிட்ட கலையரசன் காலண்டரைப் பார்த்து நாளை எண்ணிக்கொண்டிருந்தான். நேர்ந்துவிட்டதை மாற்ற முடியாது. அந்தக் குஞ்சு செத்தால் இனி ஒரு அடை வைத்து, அதில் கருஞ்சேவல் பிறந்து, அடுத்த வருஷம் சிவராத்திரி வரவேண்டும். அதுவரைக்கும் அவன் வீட்டில் கிடக்கவேண்டும். வேணிக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே இருந்தது. குஞ்சு செத்தால் கொடுத்த உயிரைச் சாமி திருப்பிக் கேட்குமோ என்று. அதை அவள் வாய்விட்டுச் சொன்னது ஒரே ஒரு தடவைதான், அதுவும் என் பெண்டாட்டியிடம்.

அந்தச் சாமிக்குஞ்சைத்தான் மற்றதெல்லாம் சேர்ந்து கொத்தின.

முதல் நாள் காலையில் கொட்டகையிலிருந்து வேணி போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

"அத்தே! இங்க வாங்க. சாமிக்குஞ்சு தலையப் பாருங்க."

ரெங்கம்மாள் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு மழையில் ஓடினாள். "ஐயோ, ரத்தம்! எது புள்ள கொத்துனுச்சு?"

"எதுன்னு சொல்றது? எல்லாந்தான்."

"அத்தனை குஞ்சையும் விட்டுட்டு இதைப் போயி ஏன் கொத்துது? ஏதோ தெய்வக்குத்தம் ஆயிப்போச்சு வேணி."

"குத்தமும் இல்ல ஒண்ணும் இல்ல. ஒம்பது நாளா மழை. தாய்க்கோழியும் வெரட்டி வுட்டுருச்சு. பத்தடிக் கொட்டகையில அடைஞ்சு கெடந்தா என்ன பண்ணுங்க? நானும் நீங்களும் ஒம்பது நாளு ஒரு ரூம்புல கெடந்தா தெரியும்."

"எனக்கென்ன, நான் கெடப்பேன். நீதான் கொத்துவ" என்றாள் ரெங்கம்மாள். அழுகிற முகத்தோடுதான் சொன்னாள். ஆனாலும் சொல்லாமல் விடவில்லை.

வேணி குஞ்சைத் தனியே எடுத்து மூங்கில் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து அதற்குள் வைத்தாள். இரண்டு நாள் அடுக்களை மூலையில் அது ராஜாமாதிரி இருந்தது. கம்பு தின்றது, தண்ணீர் குடித்தது, புண்ணும் காய்ந்தது. மூன்றாம் நாள் கொண்டுபோய் உள்ளே விட்டால், யாரோ வெளியூர்க் குஞ்சு வந்துவிட்டதுபோல எல்லாம் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தன. காய்ந்த புண்ணைப் பிய்த்துவிட்டன.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து மொத தடவ மண்டிக்குப் போனேன்ல, என்னையும் இப்படித்தான் பாத்தானுங்க" என்றான் வாசல்படியில் உட்கார்ந்திருந்த கலையரசன். "ரெண்டு நாளு ஆளு இல்லைன்னா எடம் போச்சு."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் வேணி. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்ததாக அவள் செய்தது எந்த வீட்டுப் பெண்ணும் செய்கிற காரியம்தான். நாமெல்லாம் கால் பிசகினால், வீங்கினால், அடிபட்டால் என்ன போடுவோம்? மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடுவோம். அவளும் அம்மியில் மஞ்சளை உரைத்து, வெற்றிலைப் பெட்டியிலிருந்து ரெங்கம்மாளின் சுண்ணாம்பை எடுத்து, இரண்டையும் உள்ளங்கையில் குழைத்தாள். ஆலத்தித் தண்ணீர்போலச் செக்கச்செவேலென்று வந்தது. குஞ்சின் தலையில் கொண்டையைச் சுற்றி நன்றாகப் பூசி, ஊதிக் காயவைத்து, கொட்டகைக்குள் விட்டாள். கை கழுவப் போனவள் திரும்பி வருவதற்குள் குஞ்சு மூலையில் குப்புறக் கிடந்தது. அதன் மேல் ஒரு மலைபோல மற்ற குஞ்சுகள். கொண்டையின் பின்பாதியைக் காணவில்லை.

வேணி எல்லாவற்றையும் காலால் தள்ளிவிட்டு அதை அள்ளி எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டாள். உயிர் இருந்தது. அவ்வளவுதான் இருந்தது.

பாலக்கரையில் தீவனக்கடை வைத்திருக்கிற சேக் மைதீனுக்கு அவள் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"பாய், குஞ்சுங்க கொத்திக் கொல்லுது பாய். ஒண்ணு சாவக் கெடக்கு."

"எத்தன வாரம்மா ஆச்சு?"

"ஆறு முடிஞ்சு ஏழு."

"அந்த வயசுல வர்றதுதான்மா. எல்லாத்தையும் கொண்டாந்துரு. மெஷின் இருக்கு, மூக்கு நுனிய லேசா வெட்டி வுட்டுரலாம். கொத்துனாலும் வலிக்காது."

"மூக்க வெட்டிட்டா தோப்புல புழு பூச்சி எப்புடிப் பொறுக்கும்? ஆயுசுக்கும் உங்க கடைத் தீவனந்தான் திங்கணும்."

"வியாபாரியாச்சே நானு" என்று அவர் சிரித்தார். "சரி, கொத்து வாங்குற அந்த ஒண்ணையாவது எனக்குக் குடுத்துரு. அது இல்லைன்னா மத்தது அடங்கிரும்."

"அது சாமிக்கு நேர்ந்தது பாய்."

"யா அல்லா. அப்ப நான் வாயே தொறக்கல தாயி. எடமும் தண்ணியும் பத்துதான்னு பாரு. லைட்டு ரொம்ப எரியுதான்னு பாரு. எந்த நேரம் கொத்துதுன்னு கூட உக்காந்து பாரு."

போனை வைத்தவள் இலை அறுக்கிற கத்தியைக் கூரையில் செருகினாள். பிறகு, "நாளைக்கு இலை அறுக்கப் போகல. பாயி சொன்னமாதிரி உக்காந்துதான் பாக்கப்போறேன்" என்றாள். ஒருநாள் இலைக்கட்டு போகாவிட்டால் ஓட்டல்காரன் வேறு ஆளைப் பார்ப்பான் என்று நான் சொன்னேன். "பாத்தா பாத்துக்கட்டும்ண்ணே" என்றாள். பிடிவாதம் பிடித்தால் அவள் அப்படித்தான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே சாக்கை மடித்துப் போட்டுக் கொட்டகைக்குள் உட்கார்ந்துவிட்டாள். சாமிக்குஞ்சை மடியில் வைத்திருந்தாள். கூரையில் நூறு வாட்ஸ் குண்டு பல்பு இரண்டு பளீரென்று எரிந்தன. மழைக்குக் குளிருமே என்று பத்துப் பன்னிரண்டு நாளாக அணைக்கவே இல்லை. நான் எட்டு மணிக்குக் குடையோடு போய்க் கம்பிவலைக்கு வெளியே நின்றேன்.

"என்னம்மா, யாரு டிக்கெட் எடுக்கலைன்னு கண்டுபுடிச்சியா?"

"வாங்கண்ணே. அந்தச் செவலப் பொட்ட தெரியுதா? வெள்ளக் காலு. அதுதான் தலைவி. சேவக்குஞ்சுதான் வம்பு பண்ணும்னு நெனச்சேன். ஒரு சேவலும் ஆரம்பிக்கல. இவ போயி ஒரு கொத்து கொத்துறா, அதப் பாத்துட்டு மத்தது வருது. தீனித்தட்டு ஒண்ணுதானே இருக்கு, அதுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு எதையும் வுட மாட்டேங்குறா."

"அப்ப அவளத் தூக்கி வெளிய போடு."

"இருங்க, இன்னும் ஒண்ணு பாக்கணும். விடிஞ்சதுலேர்ந்து எதுவும் எதையும் பெருசாக் கொத்தல. மொத நாளும் சரி, திரும்ப உள்ள வுட்டப்பவும் சரி, காலைல எட்டரைக்கு மேலதான் கலவரம் ஆரம்பிச்சுச்சு. அந்த நேரத்துல அப்புடி என்ன நடக்குதுன்னு தெரியல." புண் கறுத்துக் காய்ந்திருந்த குஞ்சை மடியிலிருந்து மெதுவாக இறக்கிவிட்டாள். நிஜம்தான். செவலைப் பொட்டை ஒருதரம் தட்டிப் பார்த்தது, மற்றவை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டன.

எட்டரைக்கு ரெங்கம்மாள் வந்தாள். குளித்த ஈரத் தலை, கையில் குங்குமச் சிமிழ். குஞ்சைப் பிடித்து, கொண்டை போன இடத்துக்கு முன்னால் பார்த்துப் பதமாக ஒரு பொட்டு வைத்து, "கருப்பா, காப்பாத்துப்பா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு கீழே விட்டாள். பல்பு வெளிச்சத்தில் அந்தப் பொட்டு தீக்கங்குபோலத் தெரிந்தது. ரெங்கம்மாள் கதவைச் சாத்தித் திரும்பக்கூட இல்லை. செவலைப் பொட்டை நாலு தப்படி வைத்து வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, பொட்டின் மேலேயே ஒரு கொத்துக் கொத்தியது. பின்னாலேயே பத்துப் பன்னிரண்டு வந்துவிட்டன.

வேணி பாய்ந்து குஞ்சைத் தூக்கிக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்த எனக்கே பயமாகிவிட்டது.

"அத்தே, அந்தச் சிமிழ இங்க குடுங்க."

"எதுக்குடி?"

"குடுங்களேன்."

கீழே கிடந்த வாழைமட்டைத் துண்டு ஒன்றை எடுத்தாள். அதில் கட்டைவிரலால் ஒரு குங்குமப் பொட்டு வைத்து நடுக் கொட்டகையில் போட்டாள். அவ்வளவுதான், முப்பதும் மட்டையை மொய்த்துக்கொண்டன. அடுக்களைக்கு ஓடி, கொஞ்சம் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக்கொண்டு வந்து இன்னொரு மட்டையில் தடவிப் போட்டாள். அதையும் மொய்த்தன. வெறும் மஞ்சளைத் தடவிப் போட்டாள். ஒன்றிரண்டு வந்து பார்த்துவிட்டுப் போயின. கடைசியில் அடுப்புக்கரியைத் தடவிப் போட்டாள். ஒரு குஞ்சுகூட எட்டிப் பார்க்கவில்லை.

வேணி அப்படியே சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது, மறுபடி சிரித்தாள்.

"செவப்பு அத்தே. செவப்பக் கண்டாத்தான் கொத்துதுங்க. தெய்வக்குத்தமும் இல்ல, கண்ணும் படல. நாமளே பொட்டு வச்சு, இந்தா கொத்துன்னு காட்டி வுட்டுருக்கோம்."

ரெங்கம்மாள் சிமிழைப் பிடுங்கிக்கொண்டாள். "வாயி மேலயே போட்டேன்னா! சாமிக்குப் பொட்டு வச்சது தப்பா? நேர்ந்துவுட்டதுக்குப் பொட்டு வைக்காம வுட்டா அது வெறுங் கோழிடி. என் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?"

"அவரு உங்களுக்குப் புள்ளன்னா எனக்கு யாரு? ஆஸ்பத்திரியில நேர்ந்துக்கிட்டவ நான்தானே? பொட்டு வச்சு வச்சு இத நாளைக்குக் கொன்னுட்டோம்னா அப்ப யாரு சாமிக்குப் பதில் சொல்றது?"

"அம்மா" என்றான் கலையரசன். கம்பை ஊன்றிக்கொண்டு அவனும் வந்துவிட்டிருந்தான். "மட்டையில கொத்துனதப் பாத்தேல்ல? மட்டை என்ன தெய்வக்குத்தம் பண்ணுச்சு?"

ரெங்கம்மாள் குங்குமம் ஒட்டியிருந்த தன் விரலையே பார்த்தாள். பிறகு சட்டென்று உடைந்துபோனாள். "என் கையாலயே வச்சேனேடி. தினந்தினம் குளிச்சிட்டு வந்து வச்சேனே. அது துடிச்சுச்சே" என்று அழுதாள். வேணி எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க கை மட்டுமா? கொண்டை போனது என் மஞ்சச் சுண்ணாம்பாலதானே? ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணுனோம். வுடுங்க. இப்ப என்ன, பொட்டு வைக்கணும், அவ்வளவுதானே? அடுப்புக்கரிய வேப்பெண்ணெயில கொழச்சு வைங்க. ஈயும் ஒக்காராது, புண்ணும் ஆறும், எதுவும் கொத்தாது. கருப்புக்குக் கரிப்பொட்டு ஆகாதுன்னு எந்தப் பூசாரி சொன்னான்?"

ரெங்கம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு யோசித்தாள். "ஆகும்" என்றாள் கடைசியில். "வேட்டைக்குப் போற சாமிதானே, கரி பூசிக்கிட்டுத்தானே போவாரு."

அதற்கப்புறம் அந்த வீடு வேலை செய்ததைப் பார்க்கவேண்டும். முதலில் செவலைப் பொட்டையைப் பிடித்துப் பஞ்சாரத்துக்குள் போட்டாள் வேணி. "அடிபட்டதத் தூக்கி அடைச்சேன் பாருங்க, அதான் நான் பண்ணுன மொத தப்பு. அடிச்சவள அடைக்கணும்" என்றாள். பல்பு இரண்டில் ஒன்றைக் கழற்றிவிட்டு, மற்றதற்கு முன்னால் கோணித்துண்டைத் தொங்கவிட்டு மங்கலாக்கினாள். ஒரு தீனித்தட்டு மூன்றாயிற்று, ஒரு தண்ணீர்ச் சட்டியும் மூன்றாயிற்று. தீனியில் கருவாட்டுத் தூள் கலந்தாள். "மழைக்குப் புழு கெடைக்கல, அதான் ரத்தத்த ருசி பாக்குதுங்க" என்று அவளே காரணமும் சொன்னாள்.

கலையரசன் ஒற்றைக் காலில் பாரம் போட்டு நின்றுகொண்டு, கொட்டகையின் தெற்குச் சுவரை உடைத்து மாட்டுக்கொட்டகையோடு சேர்த்துவிட்டான். மாடு விற்றுப்போய் அது சும்மாதான் கிடந்தது. குஞ்சுகளுக்கு இடம் இரண்டு மடங்காகிவிட்டது. அகத்திக்கீரையும் முருங்கைக்கீரையும் கொத்துக் கொத்தாகக் கட்டி, குஞ்சுகள் எம்பிக் கொத்துகிற உயரத்தில் தொங்கவிட்டான். வாழைத்தண்டை நெடுக்கப் பிளந்து அங்கங்கே போட்டான். மூன்று மாதமாக வாசல்படியில் உட்கார்ந்தே இருந்தவன், சட்டை முழுதும் வாழைக்கறையோடு வியர்த்துப்போய் நின்றான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வேணி மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

குஞ்சுகளுக்குக் கொத்த வேறு வேலை வந்துவிட்டது. எந்நேரமும் கீரையோடு மல்லுக்கு நின்றன. சாமிக்குஞ்சு இரண்டு நாள் சுவர் ஓரமாகவே ஒட்டி ஒட்டி நடந்தது. மூன்றாம் நாள் ஓரத்துத் தட்டில் தலையை விட்டுத் தின்றது. நாலாம் நாள் சாயங்காலம் செவலைப் பொட்டையைத் திறந்துவிட்டார்கள். அது வந்து பழையபடி தீனித்தட்டுக்கு முன்னால் போய் நின்றது. எந்தக் குஞ்சும் விலகவில்லை. இரண்டு சேவல்குஞ்சுகள் அதை ஒரு இடி இடித்துவிட்டுத் தின்றுகொண்டே இருந்தன. அது ஒன்றும் புரியாமல் கடைசித் தட்டுக்குப் போய், சாமிக்குஞ்சுக்குப் பக்கத்தில் நின்று தின்றது.

"பாத்தீங்களாண்ணே, பதவி போச்சு" என்று வேணி கைதட்டிச் சிரித்தாள்.

மறுவாரம் மழை விட்டது. தோப்பில் வெயில் பட்டதும் முப்பத்தொன்றையும் வெளியே விட்டார்கள். அப்புறம் கொத்து என்ற பேச்சே இல்லை. தை பிறந்ததும் சாமிக்குஞ்சு சாமிச்சேவலாகி, விடியற்காலையில் எங்கள் எல்லாரையும் எழுப்ப ஆரம்பித்தது. முதுகில் இறகு மூடி, வால் வளைந்து, கழுத்தில் பச்சை மினுமினுத்தது. ஒன்றுதான் குறை. கொண்டையின் பின்பாதி முளைக்கவே இல்லை. முன்னால் மூன்று பல், பின்னால் மொட்டை.

சிவராத்திரிக்கு மறுநாள் காலையில் வேன் பிடித்துக் கொள்ளிடம் பாலம் தாண்டிப் போனோம். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நல்ல கூட்டம். அடுப்புகள் வரிசையாகப் புகைந்தன. பூசாரி காத்தான் சேவலை வாங்கி, தலையைத் திருப்பிப் பார்த்தார். உடனே வேணியின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இது ஆகாதும்மா. கொண்டை பழுது. சாமிக்குப் பழுதில்லாததுதான் விடணும். வெளிய கருஞ்சேவல் விக்குறான், ஒண்ணு வாங்கியாங்க."

ரெங்கம்மாள் முன்னால் வந்து நின்றாள். "நேர்ந்தது இதுதானுங்களே" என்றாள்.

"நேர்ந்தது எதுவா இருந்தாலும் பழுது பழுதுதாம்மா."

"சரி விடு வேணி, வாங்கிரலாம்" என்றான் கலையரசன். அவனுக்கு எப்படியாவது இது முடிந்தால் போதும். மறுநாள் வண்டிக்கு வருவதாக மண்டியில் சொல்லிவைத்திருந்தான்.

வேணி நகரவில்லை. சேவலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பூசாரிக்கு நேரே நின்றாள்.

"பூசாரியய்யா, ஒண்ணு கேக்குறேன், கோவப்படாதீங்க. ஆவணி மாசம் இவரு முழுசாத்தான் வீட்ட வுட்டுப் போனாரு. சாமி திருப்பிக் குடுக்கயில எப்புடிக் குடுத்துச்சு? ஒரு காலு குட்டையாத்தான் குடுத்துச்சு. இது பழுதாயிருக்கு, வேற மாத்திக் குடுன்னு நான் கேட்டனா? உசுரோட குடுத்தியே, போதும்டா சாமின்னு ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டேன். இதுவும் சாவக் கெடந்து பொழச்சதுதான். நான் வாங்கிக்கிட்டமாதிரி அதையும் வாங்கிக்கச் சொல்லுங்க."

கலையரசன் தலையைக் குனிந்துகொண்டான். காத்தான் அவன் காலைப் பார்த்தார், சேவலைப் பார்த்தார்.

"நான் என்னத்தம்மா சொல்ல" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. "அவருகிட்டயே கேட்டுருவோம். குலுக்குனா அவருக்குச் சம்மதம். குலுக்கலைன்னா எடுத்துக்கிட்டுப் போயிரணும்."

சேவலைச் சன்னதிக்கு முன்னால் நிறுத்தி, செம்பிலிருந்து மஞ்சள் தண்ணீரை அதன் தலையில் ஊற்றினார். சேவல் அசையாமல் நின்றது. ரெங்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாம் தரம் ஊற்றினார். அது குனிந்து கீழே கிடந்த ஓர் அரிசியைப் பொறுக்கித் தின்றது. கூட்டத்தில் யாரோ 'ப்ச்' என்றார்கள். ஒளிக்காமல் சொல்கிறேன், நானும் கருப்பை வேண்டிக்கொண்டேன். மூன்றாம் தரம் தண்ணீர் விழுந்ததும் சேவல் கழுத்தை நீட்டி, இறகெல்லாம் விறைத்து, தலையிலிருந்து வால்வரைக்கும் படபடவென்று ஒரு குலுக்குக் குலுக்கியது. தண்ணீர் எங்கள் எல்லார் மேலும் தெறித்தது. குலவைச் சத்தத்தில் ரெங்கம்மாள் அழுதது யாருக்கும் கேட்கவில்லை.

"நீங்களே புடிச்சுக் குடுங்க" என்று வேணி கலையரசனைத் தள்ளினாள். அவன் கம்பை அவளிடம் கொடுத்துவிட்டு, சேவலைத் தூக்கிக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து நாலு எட்டு நடந்துபோய்ப் பூசாரி கையில் கொடுத்தான். வேணி அதற்குமேல் பார்க்கவில்லை, அடுப்பு மூட்டப் போய்விட்டாள்.

மத்தியானம் வேப்பமரத்தடியில் வாழையிலை போட்டு உட்கார்ந்தோம். வேணி தானே சேவல் குழம்பை ஊற்றி, தன் இலையிலும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்தாள். கண்ணிலிருந்து கடகடவென்று தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளாமலே அடுத்த வாயையும் பிசைந்தாள்.

"அழுவுறியா, திங்கிறியா? ஏதாவது ஒண்ணு பண்ணு" என்றான் கலையரசன்.

"ரெண்டுந்தான் பண்ணுவேன். நாளைக்கு வேலைக்குப் போவணுமுல்ல, பேசாம சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டு, வேணி தன் இலையிலிருந்து இன்னும் இரண்டு துண்டை எடுத்து அவன் இலையில் வைத்தாள்.